1964: நயா பைசா, தனுஷ்கோடி, சாஸ்திரி ஒப்பந்தம்

இந்தியாவின் 1964ஆம் ஆண்டு பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில.

நேருவுக்குப் பிறகு உடனே சாஸ்திரிதானே பிரதமர்?

இல்லை. மே 27 அன்று நேரு காலமானதும் குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பிரதமரானார். 13 நாள்தான். மொரார்ஜி தேசாய்க்கும் அந்தப் பதவியில் ஆசை இருந்தது. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் ஓட்டெடுப்புக்குப் போகாமல் எல்லாரிடமும் பேசிக் கருத்துக் கேட்டார். ஜூன் 9 அன்று சாஸ்திரி பதவியேற்றார்.

தாத்தாவின் டப்பாவில் ‘நயா பைசா’ என்று இந்தியில் போட்ட காசும், வெறும் ‘பைசா’ காசும் இருக்கின்றன. மதிப்பு வேறா?

ஒன்றுதான். அணாக் கணக்கில் ரூபாய்க்கு 64 பைசா. 1957 ஏப்ரலில் அது 100 ஆனபோது, குழப்பம் வராமலிருக்க ‘நயா’ சேர்த்தார்கள். ஏழு வருஷத்தில் ஜனங்களுக்குப் பழகிவிட்டது. 1964 ஜூன் 1 முதல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள்.

தனுஷ்கோடி ஊர் புயலில் ஒரு ரயிலோடு மூழ்கியது உண்மையா?

உண்மை. டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர், ஊரை நெருங்கும்போது புயல் அலையில் போனது. உள்ளே இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்களும் கடலில் விழுந்தன. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவரும் அவரே. ஆனால் தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பப் போடவே இல்லை. இன்று போனால் கூரையில்லாத தேவாலயச் சுவர் நிற்கிறது, கால் வைத்தால் மணல் புதைகிறது. ஒரு பாலத்துக்குக் கிடைத்த அக்கறை அந்த ஊருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கோத்தகிரியில் இருந்த எங்கள் பாட்டி ‘சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தோம்’ என்பார். அது என்ன?

அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் டெல்லியில் கையெழுத்திட்ட ஒப்பந்தம். 1948இல் இலங்கைச் சட்டம், அங்கே மலையகம் என்னும் மலைப்பகுதியில் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. அப்படி இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கொழுந்து பறித்த கைகளை இரண்டு அரசுகள் தலைக்கணக்குப் போட்டுப் பங்கிட்டன; அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை. இதை நான் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

அவர்களின் முன்னோர் பலர் கப்பலேறிப் போனது தனுஷ்கோடித் துறையில். ஒப்பந்தம் போட்டு இரண்டே மாதத்தில் அந்தத் துறை அழிந்தது. அதனால் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல்கள் இராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டன. பாட்டியின் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வீட்டில் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.