செயின்சா பேன்ட்டைப் பிடித்துத் தைக்கலாமா?

தைக்காதீர்கள். ஸ்வீடனில் மரம் வெட்டும் குழுவில் உங்களுக்குத் தந்த ஆண்கள் அளவு செயின்சா பேன்ட் (சங்கிலி ரம்பம் காலில் பட்டால் காக்கும் உடை) தொளதொளவென்று இருப்பதால் தொடையில் பிடித்துத் தைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஊசியே படக்கூடாது.

உள்ளே நீளமான இழைகள் அடுக்கடுக்காகத் தளர்வாகக் கிடக்கும். சங்கிலி துணியைக் கிழித்ததும் அவை உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சுற்றி ரம்பத்தை நிறுத்திவிடும். குறுக்கே தையல் ஓடினால் இழை உருவி வராது.

குனிந்து வேலை செய்யும்போது பேன்ட் காலைச் சுற்றித் திரும்புகிறது என்றீர்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. உங்களுடையது ஏ வகையாக இருக்கலாம். அதில் பாதுகாப்பு அடுக்கு முன்பக்கம் மட்டும்தான். லேபிளில் வகையைப் பாருங்கள். அப்புறம் பேன்ட்டைப் போட்டு, நாலு தடவை குந்தி எழுந்து, அடுக்கின் தடித்த விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். விளிம்பு முன்தொடைக்கு வந்திருந்தால் அந்தப் பேன்ட்டோடு ரம்பத்தைத் தொடவே வேண்டாம்.

இடுப்பு மட்டும் தளர்வு என்றால் சஸ்பெண்டர் போதும். தொடையும் தளர்வு என்றால் பெண்களின் உடலமைப்புக்குத் தைத்து வரும் பேன்ட்டைக் கேளுங்கள். தயங்காதீர்கள்: அணிபவருக்குப் பொருந்தும் பாதுகாப்பு உடையை முதலாளியே இலவசமாகத் தர வேண்டும் என்பது 1989-ல் இயற்றப்பட்ட ஐரோப்பிய விதி (89/656).

இன்னொன்று, சரியான அளவும் முழுக் காப்பு அல்ல. இந்தப் பேன்ட்களைத் தாங்கும் சங்கிலி வேகத்தை வைத்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள்; வகுப்பு 1 பேன்ட்டைச் சோதிப்பது நொடிக்கு 20 மீட்டர் சங்கிலி வேகத்தில். பல ரம்பங்கள் அதைவிட வேகமாக ஓடும்.