ரயில் ஹோர்னை வேனில் பூட்டலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் தன் பிக்கப்பில் ரயில் ஹோர்ன் பூட்டி வீடியோ அனுப்பியிருக்கிறார். அங்கே கடைகளில் தாராளமாக விற்கிறார்களாம். எனக்கும் ஒரு செட் அனுப்புகிறேன் என்கிறார். நான் தலவாக்கலை – நுவரெலியா ரோட்டில் ஸ்கூல் வேன் ஓடுகிறேன். வளைவுகளுக்கு நல்லதுதானே? அமெரிக்காவில் விடுகிறார்கள், இங்கே மட்டும் ஏன் பொலிஸ் பிடிக்கிறது?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டாம், பூட்டாதீர்கள். கடையில் விற்கிறார்கள் என்பதற்காக ரோட்டில் அடிக்கலாம் என்று ஆகிவிடாது. அந்த செட்டுகள் பலவற்றில் பொது வீதிக்கு அல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். மச்சானிடம் பெட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சட்டம் வைத்திருக்கிறது. ஆனால் பல மாநிலங்களின் வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். டெக்சாஸ் போக்குவரத்துச் சட்டத்தின் 547.501ஆம் பிரிவுப்படி ஹோர்ன் 200 அடி தூரத்துக்காவது கேட்க வேண்டும். அதே நேரம் நியாயமில்லாத அளவுக்குச் சத்தமாகவோ காதைக் கிழிக்கிற மாதிரியோ இருக்கக் கூடாது. கலிபோர்னியாவில் 27000ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. அதற்கடுத்த 27001, பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் அடி, மற்றபடி அடிக்காதே என்கிறது. புளோரிடா, வாஷிங்டன் மாநிலங்களிலும் இதே 200 அடிதான். இந்தப் பிரிவுகளில் சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்குக் கிடையாது. எது அளவு மீறிய சத்தம் என்பதை முதலில் ரோட்டில் நிற்கும் பொலிஸ்காரரின் காதுதான் தீர்மானிக்கும். ஆகவே மச்சானும் பொலிஸில் பிடிபடலாம்.

நிஜ ரயிலுக்கு அங்கே மத்திய அரசின் விதி வேறு. ரயிலுக்கு 100 அடி முன்னால் நின்று அளந்தால் 96 முதல் 110 டெசிபல் வரை இருக்க வேண்டும். ரயிலுக்கு அது தேவை. பிரேக் பிடித்தாலும் உடனே நிற்காது, விலகவும் வழியில்லை. உங்கள் வேன் நிற்கும், விலகும்.

நம் நாட்டில் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011 டிசம்பரில் ஹோர்னுக்கென்றே தனி ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்தது. 2 மீட்டரில் 105 டெசிபல், 7 மீட்டரில் 93 டெசிபல் என்பது எல்லை. இது குறைவு என்று நினைக்காதீர்கள். 2 மீட்டரில் 105 உள்ள ஹோர்ன், திறந்த வெளியில் 60 மீட்டர் தள்ளியும், அதாவது அந்த 200 அடியிலும், 75 டெசிபல் அளவுக்குக் கேட்கும். நடந்து போகிறவர் திரும்பிப் பார்க்க அது தாராளம்.

இனி வளைவு. நம் ரோட்டில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தண்ணீர் ஓடும் காண். கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் பெண்கள், ஸ்கூல் பிள்ளைகள் எல்லாம் அந்த ஓரத்தில்தான் நடக்கிறார்கள். பெரிய ஹோர்ன் அடித்தால் சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வரும். வண்டி முன்னாலா பின்னாலா என்று அவர்களுக்குத் தெரியாது. திடுக்கிட்டவர் காணுக்குள் குதிப்பார், இல்லாவிட்டால் ரோட்டுப் பக்கம் பாய்வார். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, சின்னதாக ஒருமுறை அடித்து, உங்கள் பக்கத்தோடு ஒட்டி எடுங்கள். மிஸ்ட் இறங்கினால் லைட்டை டிம்மில் போடுங்கள். இதைவிட எந்த ஹோர்னும் உதவாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கராஜுக்கு வரும் சில வேன்களில், பழைய ஹோர்ன் வயரிலேயே, ரயில் ஹோர்ன் மாதிரிக் காற்றில் ஊதும் எயார் ஹோர்னின் கொம்ப்ரசரையும் கொளுவியிருப்பார்கள். ஹோர்னுக்கான கரண்டைத் தனி வயரில் எடுத்துக் கொடுக்கும் ரிலே இருக்காது. பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸாகப் போட்டிருப்பார்கள். டாஷ்போர்டைக் கழற்றினால் வயரின் உறை உருகி மற்ற வயர்களோடு ஒட்டிப் போயிருக்கும், கருகிய வாடை அடிக்கும். பின்னால் பிள்ளைகள் உட்காருகிற வண்டி அது! சத்தம் போதவில்லை என்றால், தடித்த சுருதியும் மெல்லிய சுருதியுமாக வருகிற சாதாரண ஜோடி ஹோர்ன் ஒன்று வாங்கி, ரிலே வைத்து, சரியான பியூஸோடு பூட்டுங்கள்.

கேள்வி: பின்னால் வரும் தனியார் பஸ் விடாமல் ஹோர்ன் அடித்துத் துரத்தினால் யாரிடம் சொல்வது?
– வாசகி, ஹட்டன்

பதில்: முதலில் இடம் கிடைத்ததும் ஒதுங்கி விட்டுவிடுங்கள். பிறகு பஸ் இலக்கம், நேரம், இடம் மூன்றையும் எழுதி வைத்து, பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் சொல்லுங்கள். மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்கு எடுங்கள். மாகாணத்துக்குள் ஓடுவது என்றால் பெர்மிட் கொடுப்பது மாகாண அதிகாரசபை, அங்கே எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: காலையில் என் த்ரீவீலர் ஹோர்ன் தொண்டை கட்டின மாதிரி முனகுகிறது. வெயில் ஏறினால் சரியாகிறது. புது ஹோர்ன் போடவா?
– வாசகர், நானுஓயா

பதில்: அவசரப்பட வேண்டாம். இரவுப் பனியில் உள்ளே ஈரம் இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் பாடியில் பிடிக்கிற எர்த் வயர் துருப்பிடித்திருக்கும். அந்த ஆணியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் கொஞ்சம் பூசி இறுக்குங்கள். ஹோர்னின் வாய் மேலே பார்த்திருந்தால் கீழே திருப்பி விடுங்கள். அப்படியும் முனகினால் மட்டும் பேட்டரியைச் செக் பண்ணுங்கள்.