ஆடிக் கூழுக்குள் புல் பச்சையாகுமா?

கேள்வி: எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில். முன்பக்கம் கிக்குயு புல் போட்டிருக்கிறோம். மே மாதக் கடைசியிலிருந்து மஞ்சளடித்துக்கொண்டே வருகிறது. பக்கத்து வீட்டு அங்கிள், "ஒட்ட வெட்டிவிட்டு எல்.ஏ.என். உரத்தை அள்ளிப் போடு, தினமும் சாயங்காலம் தண்ணீர் விடு" என்கிறார். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம், சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். அதற்குள் பச்சையாகிவிடுமா? தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலையும் இலை உதிர்க்கிறது.
- ஒரு வாசகி

பதில்: ஆகாதும்மா. ஓரளவு பச்சையைக் காப்பாற்றலாம், டிசம்பர் மாதப் பச்சையை ஜூலையில் வரவழைக்க முடியாது. உங்கள் புல்லுக்கு நோய் எதுவும் இல்லை. கிக்குயு கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலத்திலிருந்து வந்த புல், வெயில் காலத்தில்தான் ஓடி வளரும். டிசம்பரில் நமக்குப் பகல் 14 மணி நேரம், ஜூனில் 10 மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆண்டிலேயே மிகக் குறைவாக மழை பெய்வதும் ஜூன், ஜூலையில்தான். டர்பன் கரையோரத்தில் உறைபனி விழாது என்பதால் புல் சாகாது, வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும்.

அங்கிள் சொன்னதை ஏன் செய்யக் கூடாது என்றால், ஒட்ட வெட்டினால் இருக்கிற கொஞ்சம் இலையும் போய்விடும். அடியில் இருக்கும் காய்ந்த தண்டு தெரியும், இன்னும் மோசமாக இருக்கும். எல்.ஏ.என். தழைச்சத்து (நைட்ரஜன்) கொடுக்கும் உரம். வளராத புல் அதை எடுத்துக்கொள்ளாது. அள்ளிப் போட்டால் புல்லைக் கருக்கும், மிச்சம் தண்ணீரோடு மண்ணுக்குக் கீழே இறங்கி வீணாகும். சாயங்காலம் விட்ட தண்ணீரும் ராத்திரி முழுக்க இலையிலேயே நிற்கும், பூஞ்சைக்கு அது போதும். ஒட்ட வெட்டுவதும் உரம் போடுவதும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பருக்கு உரிய வேலை. காலம்தான் தப்பு, மனுஷன் நல்லவர்.

இப்போது வெட்டும் மெஷினை உயர்த்தி வையுங்கள், 4 அல்லது 5 சென்டிமீட்டர் நிற்கட்டும். மாதம் ஒரு முறை வெட்டினாலே அதிகம். தண்ணீர் பத்து நாளுக்கு ஒரு தடவை, காலையில், நன்றாக இறங்கும்படி. சருகை வாரிவிடுங்கள். கடையில் ரை புல் விதை கொடுப்பார்கள், ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துப் பச்சையாகத் தெரியும். ஆனால் அதற்குத் தினமும் ஈரம் வேண்டும், வெயில் ஏறினதும் செத்துப்போகும். சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக அந்தச் செலவு தேவையா? எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்தத் தண்ணீரைப் பின்கட்டுக்குக் கொண்டுபோங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரில் சொன்னது அங்கே பெய்யும் மழையைப் பார்த்து. இங்கே ஆடி நடுக் குளிர்காலம். கத்திரி, வெண்டை எல்லாம் செப்டம்பர் வரைக்கும் காத்திருக்கட்டும். ஆனால் வெந்தயக்கீரைக்கும் கொத்தமல்லிக்கும் இதைவிட நல்ல காலம் கிடையாது. வெயிலில் கொத்தமல்லி கீரை கொடுப்பதற்கு முன்பே பூத்துவிடும், உங்களுக்கே தெரிந்திருக்கும். விதையை இரண்டாகப் பிளக்கும் அளவுக்கு மட்டும் தேய்த்து விதையுங்கள், மாவாக்கிவிடாதீர்கள். வெந்தயம் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், ஜூன் தொடக்கத்தில் விதைத்தால் கூழ் நாளைக்கு முன்பே ஒரு தடவை பறிக்கலாம். பட்டாணி, முட்டைக்கோஸ், பீட்ரூட்டும் போடலாம். மடும்பி (சேப்பங்கிழங்கு) இலை மஞ்சளாகியிருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டுத் தோண்டி எடுங்கள். சின்னக் கிழங்குகளை உலர்ந்த இடத்தில் வைத்தால் வசந்தத்தில் நட ஆகும்.

கறிவேப்பிலைக்கும் குளிர்தான் காரணம். உரம் வேண்டாம், கிளை வெட்ட வேண்டாம். மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். தொட்டியை வடக்குப் பார்த்த சுவர் ஓரமாக வையுங்கள். இங்கே குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் வருகிறது. ஊரிலிருந்து வரும் குறிப்புகளில் தெற்கு என்று இருந்தால் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். கடற்கரையை விட்டு உள்ளே, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு உறைபனி உண்டு. அவர்கள் தொட்டியை ராத்திரி தாழ்வாரத்துக்குள் எடுத்து வைக்க வேண்டும், இளம் முருங்கையைப் பழைய சாக்கால் மூட வேண்டும், பனி படிந்த புல்லில் காலையில் நடக்கக் கூடாது.

கூழ் நாளன்று அடுப்பைப் புல் மேல் நேராக மூட்டாதீர்கள். சிமென்ட் தரையில் வையுங்கள், இடம் இல்லையென்றால் செங்கல் அடுக்கித் தகடு போட்டு மூட்டுங்கள். ஈரம் இல்லாத மண்ணில் சூடு வேர் வரை இறங்கும், அந்த வட்டம் கோடை வரை மொட்டையாகவே நிற்கும். பந்தலுக்கு விரித்த தார்ப்பாயை அன்று சாயங்காலமே சுருட்டிவிடுங்கள். சாம்பலை ஒரே இடத்தில் கொட்டாமல் காய்கறிப் பாத்தியில் மெல்லத் தூவலாம். அப்புறம் ஆகஸ்ட் கடைசியில், ராத்திரிக் குளிர் குறைந்ததும், ஒட்ட வெட்டி, வாரி, ஒரு சென்டிமீட்டர் நல்ல மண் பரப்பி, சதுர மீட்டருக்கு 30 கிராம் எல்.ஏ.என். தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். அந்த வேலைக்கு அங்கிளையே கூப்பிடலாம்.