அப்பாவின் முறை வந்தபோது

அன்பின் சேருக்கு,

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இப்போது ஆசிரியையாக இருக்கிறேன். போன தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் கூடியிருந்தோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும், கொழும்பில் வேலை செய்யும் சித்தப்பா மகன் ஒரு யோசனை சொன்னான். வட்டமாக உட்கார்ந்து, அவரவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தருணம் எதுவென்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும் என்றான். அவன் வேன் வாங்கிய நாளைச் சொன்னான். மகன் கட்டாரிலிருந்து முதன்முதலாகப் பணம் அனுப்பிய நாளை அத்தை சொன்னார். பேராதனையில் பட்டம் வாங்கிய நாளை நான் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்பாவின் முறை வந்தது. "எனக்கு அப்படி ஒன்னும் இல்லப்பா. நீங்கல்லாம் நல்லா இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டார். "தோட்டத்தானுக்கு ஏதுடா பெரிய தருணம்?" என்றார் மாமா. யாரும் பதில் பேசவில்லை.

அப்பா 38 வருடம் தோட்டத்தில் வேலை செய்தவர். பெரும்பாலும் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. அத்தனை வருடத்தில் சொல்வதற்கு ஒரு நாள்கூட அவருக்கு இல்லையா? மாமா சொன்னதுதான் உண்மையா? நான் திரும்பவும் அவரிடம் கேட்கலாமா, கேட்டால் மனம் நோகுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள மகளுக்கு,

கேட்கலாம். அன்றைக்குக் கேட்ட மாதிரி மட்டும் கேட்க வேண்டாம்.

முதலில் அந்தக் கேள்வியையே பார். 'மிகப் பெரிய தருணம்.' தருணம் என்ற சொல்லை நான் லயத்தில் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில்தான் கற்றுக்கொண்டேன். 'பெரிய' என்ற சொல் நமக்குத் தெரியும், ஆனால் அது யாரோடு ஒட்டிக்கொண்டு வந்தது? பெரிய கங்காணி. பெரிய துரை. பெரிய கிளாக்கர் ஐயா. தோட்டத்தில் 'பெரிய' எப்போதும் இன்னொருவருக்குச் சொந்தம். உன் அப்பாவின் வயதில் இருக்கும் ஒருவரிடம் 'உன்னுடைய பெரியது எது' என்று கேட்டால், கேள்வி தன்னைப் பார்த்துத்தான் கேட்கப்படுகிறது என்பதே அவருக்கு உடனே உறைக்காது.

உனக்குத் தெரிந்த இன்னொரு சொல்லும் இருக்கிறது: பேர். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தன பேரு?" என்றால் எத்தனை நாள் வேலை என்று அர்த்தம். உன் அப்பாவின் 38 வருடமும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பேர்களாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் வித்தியாசம் கிடையாது. அப்படி எண்ணிப் பழகிய ஒருவரிடம், ஒரே ஒரு நாளைத் தனியே எடுத்து நடுவில் வை என்று கேட்டிருக்கிறீர்கள், அதுவும் வேன் வாங்கிய நாளுக்கும் பட்டம் வாங்கிய நாளுக்கும் பக்கத்தில்.

உன் மாமாவின் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்களான நம்மில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1984 வரை பெண்ணின் நாட்சம்பளம் ஆணுடையதைவிடக் குறைவு. அந்தச் சம்பளத்தையும் பல வீடுகளில் புருஷன்தான் போய் வாங்கி வந்தான். தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு கிழவியிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது, தன் சம்பளத்தைத் தானே கைநாட்டு வைத்து வாங்கிய நாளைச் சொன்னார். காசைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, கடைக்குப் போகாமல், யாருக்கும் கொடுக்காமல், இருட்டும்வரை தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலேயே உட்கார்ந்திருந்தாராம். "சும்மா ஒக்காந்திருந்தேன் தம்பி. முடிச்சத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு." மாமா சொல்வது சரியென்றால் இந்த நாளை எங்கே வைப்பது? நமக்கென்று ஒரு நாள் அமையாதபடிதான் எல்லாம் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. அந்தளவுக்கு மாமா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குள்ளேயும் நாட்கள் வந்தன. சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.

சொல்லாமல் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை எனக்குக் காட்டியவர்கள் டிக்கோயாப் பக்கத்தில் இருந்த ஒரு புருஷன் பெண்சாதி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் உனக்குப் பாடத்தில் வந்திருக்கும். நாடற்றுக் கிடந்த நம் ஆட்களில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 300,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்வது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எண்களில் இது சுலபமாகப் பிரிந்துவிடும். வீடுகள் அப்படிப் பிரியவில்லை. இந்தப் புருஷனும் பெண்சாதியும் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள். இரண்டு பையன்கள் அவர்களோடு. மூத்த மகள் மட்டும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த வீட்டில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். அவள் இங்கே, இவர்கள் அங்கே என்று முடிவாகிவிட்டது. சாமான் கட்டியாயிற்று. அம்மியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. அட்டன் ஸ்டேஷனில் எத்தனையோ குடும்பங்கள் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்தவர்கள், தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில், 1984இல், தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் ஓடிய கப்பல் யுத்தத்தால் நின்றுபோனது.

நான் அவர்களைப் பார்க்கப் போனது 2006இல். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து, பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தவர்களும் இந்நாட்டுப் பிரஜைகள் ஆகியிருந்தார்கள். அந்த மனிதர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவர், கப்பல் நின்ற செய்தி வந்த நாளைத் தன் வாழ்க்கையில் மிக மோசமான நாள் என்றார். ஊருக்குப் போய் அப்பன் வீட்டுத் திண்ணையில் ஒரு தடவையாவது படுக்க வேண்டும் என்று இருபது வருடமாக எண்ணியிருந்தவர். அழவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

நான் அந்த அம்மாவைப் பார்த்து, ஏதோ கேட்க வேண்டுமே என்பதற்காக, "ஒங்களுக்கு ரொம்ப சந்தோஷமா இருந்த நாள் எதும்மா?" என்று கேட்டேன். அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அதே நாளுதான் சார்."

வீட்டில் சத்தமில்லை. "மகள விட்டுட்டுப் போக வேண்டாமுன்னு ஆச்சே. அடுப்படியில போயி வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சேன்."

அந்த மனிதர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். "சொல்லிட்டு ஒங்க மொகத்த எப்பிடிப் பாக்குறது?" என்றார் அம்மா.

இருபத்திரண்டு வருடம். ஒரு பத்தடிக் காம்பராவுக்குள், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாத ஒரு நாள். நான் போய் அதைக் கிளறியது சரியா என்று நெடுநாள் வருந்தினேன். ஒரு வருடம் கழித்துத் திரும்பப் போனபோது அந்த மனிதரே பேச்சை எடுத்தார். "அவ சிரிச்சது நல்லதுதான் தம்பி. யாராவது ஒருத்தராச்சும் அன்னிக்கு சிரிச்சாங்களே." எழுதுவதற்கும் அவர்தான் சம்மதம் தந்தார்.

அதனால்தான் சொல்கிறேன் மகளே. மகிழ்ச்சியைச் சொல்வது யாருக்கும் தீங்கில்லாத காரியம் என்று உன் சித்தப்பா மகன் நினைத்திருப்பான். நல்ல பிள்ளை, நல்ல எண்ணத்தோடுதான் கேட்டிருக்கிறான். ஆனால் ஒருவருடைய நல்ல நாள், அதே வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? உன் அப்பா அந்த வட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்திருப்பார். அங்கே உன் அம்மா இருந்தார், அத்தை இருந்தார், மாமா இருந்தார். அவர்கள் முன்னால் சொல்ல முடியாத ஒன்றாகவும் அது இருக்கலாம்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து பல வருடங்களுக்குப் பிறகு ஒரு விழா மேடையில் பேசினேன். நியமனக் கடிதத்தை அம்மா கையில் கொடுத்த நாள்தான் அவருடைய வாழ்க்கையின் உச்சம் என்று உருகிச் சொன்னேன். சபையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் மெல்லச் சொன்னார்: "சந்தோஷம்தான்யா. ஆனா அது ஒன்னோடது."

அப்படியானால் உன்னுடையது எது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு வருடம் போனது. நல்லதண்ணிப் பக்கம் போகும் வழியில், ரோட்டிலிருந்து மலை தெரிந்த ஓர் இடத்தில், நான் கேட்காமலே அவர் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்னால். பதினேழு வயது. லயத்துப் பெண்கள் நான்கு பேர், கூடவே ஒரு கிழவி, சிவனொளிபாதமலைக்குப் போயிருக்கிறார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இராத்திரி முழுக்க ஏறியிருக்கிறார்கள். மேலே போனால் ஒரே பனிமூட்டம். சூரியன் தெரியவே இல்லை. அத்தனை தூரம் ஏறி ஒன்றும் தெரியவில்லையே என்று கூட வந்த ஒருத்தி அழுதுவிட்டாளாம். அங்கே மேலே மணி ஒன்று உண்டு. எத்தனையாவது தடவை ஏறி வருகிறோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். அம்மாவுக்கு முதல் தடவை. ஒரே ஒரு அடி அடித்திருக்கிறார். "அது போற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பனிக்குள்ள எங்க போச்சுன்னு தெரியல."

அவ்வளவுதான் சொன்னார். விடியற்காலையில் தப்பு மேளச் சத்தத்துக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, தேயிலை ஸ்டோரில் சங்கு ஊதினால் நேரம் தெரிந்து, அப்படியே நாற்பது வருடம் போனவர். அவர் அடித்து எழுந்த சத்தம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கு அப்படித் தோன்றியதா என்று கேட்கவில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்க. ஆனா ஒரு தடவதான் அடிச்சேன். கூடப்போட்டு எழுதாத" என்றார்.

அந்த மணிக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் பிறக்கவே இல்லை, அப்பாவை அவர் பார்த்ததுகூட இல்லை. பெற்றவர்களின் உயர்ந்த நாள் நம்மால்தான் வந்திருக்கும் என்று பிள்ளைகள் நாம் எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறோம்! "நீங்கல்லாம் நல்லா இருந்தா சரி" என்று உன் அப்பா சொன்னதைப் பொய் என்று எண்ணாதே. அது உண்மைதான். ஆனால் அதுவே அவருடைய பதில் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடாதே.

இனி எப்படிக் கேட்பது? அப்பா கவ்வாத்துக்காரர் என்று எழுதியிருக்கிறாய். உயர்நிலத்துத் தேயிலையை நான்கைந்து வருடத்துக்கு ஒரு தடவை வெட்டுவார்கள். 38 வருடம் என்றால் ஒரே மலையை அவர் எட்டு, ஒன்பது தடவை வெட்டியிருப்பார். தூர் தூராக அந்த மலை அவர் கைக்குத் தெரியும். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு அந்தப் பக்கம் நடந்து போ. தருணம், சாதனை, சந்தோஷம் ஒன்றும் கேட்காதே. "இதுல மொதமொத எப்பப்பா கத்தி வச்சீங்க? அன்னிக்கு யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேள். நம் ஆட்களுக்கு ஞாபகம் இடத்தில்தான் இருக்கிறது. ஒரு வளைவு, ஒரு கல், ஒரு சவுக்கு மரம், அதிலிருந்து ஆரம்பிப்பார்கள். கவ்வாத்துக் கத்தி இன்னும் வீட்டில் இருந்தால் அதைத் தீட்டச் சொல்லிக் கேட்டாலும் போதும். கை வேலையில் இருக்கும்போது வாய் திறக்கும்.

நடுவில் அவர் நிறுத்தினால் நீயும் நிறுத்திக்கொள். போனில் பதிவு செய்யாதே. அன்றைக்கு ஒன்றும் சொல்லாவிட்டால் திரும்பி வந்து தேத்தண்ணி குடியுங்கள். அடுத்த மாதமும் போகலாம்.

அவர் ஏதாவது சொன்னால், அது வேலை நிறுத்தமாக இருக்கலாம், யாரோ ஒரு பெண்ணாக இருக்கலாம், ஒரு மாட்டுக் கன்றாக இருக்கலாம். சின்னது என்று உனக்குத் தோன்றினாலும் முகத்தில் காட்டாதே. அதை அடுத்த தீபாவளிக்கு வட்டத்தில் கொண்டுபோய் வைப்பதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.

அவர் சொன்னதை எனக்கு எழுத வேண்டாம். போனீர்கள் என்று மட்டும் ஒரு வரி போடு.

அன்புடன்.