விளையாட்டு மேலாண்மைப் பேராசிரியராவதற்கு வீரராக இருந்திருக்க வேண்டுமா?

அப்படி எந்த விதியும் இல்லை. அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகம் 1966இல் முதுநிலைப் படிப்பாகத் தொடங்கிய இத்துறைக்கு, பேராசிரியர் ஜேம்ஸ் மேசனும் பேஸ்பால் அணி உரிமையாளர் வால்டர் ஓ'மாலியும் பேசி வளர்த்த எண்ணமே விதை என்பதால், நிர்வாக அனுபவத்துக்கு இங்கே தொடக்கத்திலிருந்தே மதிப்பு உண்டு. நுழைவுச்சீட்டு விற்பனை, அரங்க நிர்வாகம், விளம்பரதாரர் ஒப்பந்தம் போன்றவற்றில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு முனைவர் பட்டத்துக்கு வருவோரும் உண்டு.

அதன்பின் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று உயர்வதைப் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளே தீர்மானிக்கின்றன; இத்துறைக்கான வட அமெரிக்கச் சங்கம் 1985இல் உருவாகி, அதன் ஆய்விதழும் 1987இல் வெளிவரத் தொடங்கியதால், அவற்றை வெளியிடத் தனிக்களம் கிடைத்தது. அணிகளுக்கு ஆலோசனை கூறுவதும் மாணவர்களுக்குப் பயிற்சிப்பணி தேடித் தருவதும் இப்பணியின் பகுதிகளே. பதவி உயர்வின்போது அவை குறைவாக எடைபோடப்படுவது, தொழிலோடு இவ்வளவு நெருங்கிய துறைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.