பேஸ்மென்ட்டில் ரேடான்: ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வசிக்கிறோம். கடையில் கிடைக்கும், ரேடானை உறிஞ்சிப் பிடிக்கும் கரி டப்பாவை வைத்துச் சோதித்ததில், எங்கள் பேஸ்மென்ட்டில் ரேடான் அளவு லிட்டர் காற்றுக்கு 6.8 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று வந்துள்ளது. குழந்தைகள் விளையாடுவது அங்கேதான். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் அங்கேதான் படுக்கிறார். அவருக்குப் புகைப்பழக்கம் உண்டு. எனக்குச் சில வாரங்களாக வறட்டு இருமல். எல்லோரும் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: உங்கள் இருமலுக்கு ரேடான் காரணம் அல்ல. நிறமோ மணமோ இல்லாத இந்தக் கதிரியக்க வாயு இருமலையோ தலைவலியையோ உண்டாக்குவதில்லை. இருமல் நீடித்தால் அதற்கென்று தனியாக மருத்துவரைப் பாருங்கள்.

பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது பிறக்கும் ரேடான், அடித்தளத்தின் வெடிப்புகள், குழாய்கள் நுழையும் இடைவெளிகள், தண்ணீர் இறைக்கும் குழி ஆகியவற்றின் வழியாக வீட்டுக்குள் ஏறுகிறது. உங்கள் மாநிலத்தில் இது புதிய செய்தியும் அல்ல. 1984-இல் லிமெரிக் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய ஸ்டான்லி வாட்ராஸ் என்பவர் கதிர்வீச்சுக் காட்டியை அலற வைத்தார். காரணத்தைத் தேடிப் போனபோது, பாயர்டவுன் அருகே இருந்த அவருடைய வீட்டில் லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 பிகோகியூரி ரேடான் இருந்தது தெரியவந்தது.

ரேடானின் சிதைவில் உண்டாகும் பொலோனியம் அணுக்கள் தூசியோடு நுரையீரலில் படிந்து, ஆல்ஃபா துகள்களை வெளியிட்டு, அங்குள்ள செல்களின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. இதன் விளைவான நுரையீரல் புற்றுநோய் பல ஆண்டுகள் தொடர்ந்து சுவாசித்த பிறகே தோன்றக்கூடியது என்பதால், குழந்தைகள் சில மாதங்கள் அங்கே விளையாடியதை எண்ணி அஞ்ச வேண்டாம்.

மாமனாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 4 பிகோகியூரி அளவுள்ள வீட்டில் வாழ்நாள் முழுவதும் இருப்பவர்களில், புகைபிடிக்காதோர் ஆயிரம் பேரில் ஏறக்குறைய 7 பேருக்கும், புகைபிடிப்போர் ஆயிரம் பேரில் ஏறக்குறைய 62 பேருக்கும் நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிடுகிறது. ரேடானும் புகையும் சேரும்போது ஒன்றின் தீமையை மற்றொன்று பெருக்குகிறது. அவர் புகைப்பழக்கத்தை விடுவதற்கு உதவுங்கள். கூச்சப்படாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வயது 50-க்கும் 80-க்கும் இடையில் இருந்து, நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் இருபது ஆண்டுகளுக்கு நிகராகப் புகைத்திருந்தால், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் அவருக்குப் பொருந்தும். உங்களுக்கும் குழந்தைகளுக்கும் அது தேவையில்லை. உடலில் ரேடான் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் கிடையாது.

சரிசெய்ய வேண்டியது வீட்டைத்தான். 4 பிகோகியூரியோ அதற்கு மேலோ இருந்தால் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது அந்த முகமை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலான கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தின் மற்றோர் அலகு) இன்னும் கடுமையானது, அதாவது ஏறக்குறைய 2.7 பிகோகியூரி. ஒரே சோதனையை நம்பிச் செலவு செய்யாமல், சன்னல்களைப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே மூடி வைத்து, டப்பாவைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வெளிச்சுவரையும் சன்னலையும் ஒட்டாமல் வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டின் சராசரியும் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால், மாநில அரசின் சான்று பெற்றவரை அழையுங்கள். வெடிப்புகளைப் பூசுவது மட்டும் போதாது. தளத்தில் துளையிட்டு, பி.வி.சி. குழாயைப் பொருத்தி, மண்ணிலுள்ள வாயுவை ஓயாமல் ஓடும் விசிறியால் உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றுவதே நம்பகமான வழி. அதுவரை மாமனாரின் படுக்கையை மேல்மாடிக்கு மாற்றிவிடுங்கள்.

அந்தக் குழாயில் வண்ணத் திரவம் நிரம்பிய, 'யு' வடிவச் சிறு குழல் ஒன்று இருக்கும். இருபுறமும் திரவம் ஒரே மட்டத்தில் நின்றால் விசிறி இழுக்கவில்லை என்று பொருள். உடனே ஆளை அழையுங்கள். பொருத்தி முடித்த முப்பது நாட்களுக்குள் ஒரு முறையும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அளந்து, முடிவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.