9 மிமீ பிஸ்டலுக்கு ஈயக் குண்டு எந்த அளவு? முதலில் பேரலை அளந்து பாருங்கள்

வாசகர் ஒருவர் கேட்டது இது: 9 மிமீ பிஸ்டலுக்கு வீட்டிலேயே ரீலோடிங் (சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா தயாரிப்பது) தொடங்கியிருக்கிறார். ஈயக் குண்டு 0.355, 0.356, 0.357 அங்குலம் என மூன்று அளவில் கிடைக்கிறது. எதை வாங்குவது?

நீங்கள் ஏற்கெனவே 0.355 பெட்டி ஒன்றை வாங்கி, பேரல் (துப்பாக்கிக் குழல்) உள்ளே ஈயம் ஒட்டிப்போய்த்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் மாட்டினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவார்கள். நான் இருப்பது அமெரிக்காவில். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரிக்க மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இதைச் செய்வது குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் தயவுசெய்து முயற்சி செய்ய வேண்டாம். எனக்கு இது காகித இலக்கில் சுடும் விளையாட்டு, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோட்டாவின் பெயரை வைத்துக் குண்டின் அளவைச் சொல்ல முடியாது. .38 ஸ்பெஷலுக்குப் போவது 0.357 அல்லது 0.358 குண்டு. .44 மேக்னம் என்பார்கள், உள்ளே போவது 0.429. ரஷ்யாவின் மக்கரோவ் பிஸ்டலும் 9 மிமீதான், ஆனால் அதன் குண்டு 0.365. செம்பு உறை போட்ட குண்டு என்றால் 9 மிமீக்கு 0.355 வாங்கிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். தொல்லையெல்லாம் வெறும் ஈயக் குண்டில்தான்.

நான் பழைய பிஸ்டல் ஒன்று வாங்கி, 0.355 ஈயக் குண்டு போட்டுச் சுட்டேன். 25 கஜத்தில் காகிதத்தில் வட்ட ஓட்டை விழவில்லை. குண்டு புரண்டு பக்கவாட்டில் போய், சாவித் துவாரம் மாதிரி நீள ஓட்டை. பேரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சுழன்று ஓடும் பள்ளங்களில் சாம்பல் நிறத்தில் ஈயம் கோடு கோடாக ஒட்டியிருந்தது. கிளப்பில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "இன்னும் கெட்டியான ஈயம் வாங்கு" என்றார்கள். வாங்கினேன், நிலைமை இன்னும் மோசமானது. செம்பு நாரைப் பிரஷில் சுற்றித் தேய்த்துத் தேய்த்தே மூன்று மாதம் போனது.

அதற்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது, நான் ஒன்றையுமே அளக்கவில்லை என்று. டிப்ளமா முடித்துவிட்டுக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். அங்கே ஆயிரத்தில் ஒரு அங்குலத்தைத் 'தௌ' என்போம். ஒரு தௌ தப்பினால் புஷ் ஆடும், ஜாப் குப்பைக்குப் போகும். அந்தப் பழக்கத்தை எப்படி மறந்தேன் என்று இன்றும் வருத்தம்தான்.

பிஸ்டலைக் காலி செய்து, இரண்டு முறை சரிபார்த்து, பேரலைத் தனியாகக் கழற்றினேன். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய். தூண்டிலில் கட்டும் மெத்தென்ற ஈயத்தில், துளையைவிடச் சற்றுப் பருத்த ஒன்றைப் பேரலின் வாயில் வைத்து, மரக்கம்பால் தட்டினேன். இரும்புக் கம்பி கூடாது, பேரல் கீறிவிடும். முதல் இரண்டு தட்டுக்கு அசையவில்லை. மூன்றாவதில் ஓரத்திலிருந்து மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு விழுந்தது. பிறகு ஒரே இறுக்கத்தில் நகர்ந்து மறுபக்கம் வந்தது. உடம்பில் ஆறு மேடு, ஆறு பள்ளம், அச்சு வார்த்தது போல. எதிரெதிர் மேடுகளை மைக்ரோமீட்டரில் வைத்து ராட்செட்டைத் திருகினேன்: 0.3563. நான் போட்டுக்கொண்டிருந்த குண்டு 0.355. ஒரு தௌவுக்கும் மேல் இடைவெளி! சூடான வாயு அந்த இடுக்கு வழியாகப் பீறிட்டு, ஈயத்தை அரித்துப் பேரலில் பூசியிருக்கிறது. கெட்டி ஈயம் விரிந்து கொடுக்காததால் இடுக்கு அடைபடவே இல்லை.

இதை டிஜிட்டல் காலிப்பரில் அளக்காதீர்கள். அதன் பிழையே ஒரு தௌ இருக்கும். ஐந்து பள்ள பேரல் என்றால் மேட்டுக்கு எதிரே பள்ளம் வரும், சாதாரண மைக்ரோமீட்டர் உதவாது, வி வடிவத் தாங்கி உள்ளது வேண்டும்.

அளப்பது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பட்டறைக்குப் பிறகு நான் சேர்ந்த கம்பெனியில் நான் எடுத்த ரீடிங்கை, மைக்ரோமீட்டரைத் தொட்டே பார்க்காத ஒருவர் தன் பெயரில் கையெழுத்துப் போடுவார். அவர் பி.ஈ., நான் டிப்ளமா. பத்து வருஷம் ஆகியும் மனசு ஆறவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

பேரலைவிடக் கிட்டத்தட்ட ஒரு தௌ கூட இருக்கட்டும் என்று 0.357 வாங்கினேன். ஈயம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. கட்டி முடித்த தோட்டா ஒன்றை, குண்டை உருவும் சுத்தியல் மாதிரியான புல்லரில் தட்டி, குண்டை வெளியே எடுத்து அளந்தேன். அடிப்பாகம் 0.355! 9 மிமீ தோட்டாவின் பித்தளைக் கூடு அடியை நோக்கிப் போகப் போகச் சுவர் தடிக்கும். மெத்தென்ற ஈயத்தைப் பித்தளையே நசுக்கியிருந்தது. கூட்டின் வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டர், உறை போட்ட 0.355 குண்டுக்காகச் செய்யப்பட்டது. ஈயக் குண்டுக்கு ஏற்ற, சற்றுப் பருமனான ஒன்றை மாற்றினேன். அடுத்த வாரம் நூறு ரவுண்டு சுட்டுப் பார்த்தேன், பேரல் கண்ணாடி மாதிரி இருந்தது.

குண்டை மாற்றினால் வெடிமருந்தின் அளவையும் ரீலோடிங் கையேட்டில் உள்ள மிகக் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய அளவையே போடாதீர்கள். முதல் தோட்டாவைக் கழற்றிய பேரலில் போட்டுப் பாருங்கள். 'டக்' என்று உட்கார்ந்து, விரலால் சுற்றினால் சுழல வேண்டும். சிக்கினால் அந்தக் குண்டு உங்கள் சேம்பருக்கு (பேரலில் தோட்டா உட்காரும் அறைக்கு) பெரிதாக இருக்கலாம்.

ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. சிலிண்டரின் ஒவ்வொரு அறையின் முன்வாயிலும் குண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். லேசான அழுத்தத்தில் நழுவிப் போக வேண்டும், தானாக விழக் கூடாது.